கோடவுனில் நின்ற நர்சம்மா

சிமென்ட் சிலையை வெயிலில் வைக்கலாம், மழையில் வைக்கலாம், கோடவுனில் மட்டும் வைக்கக் கூடாது. ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துவிடும். சிற்பி சொன்னதை நான் அன்றைக்கே ஃபைலில் எழுதி வைத்தேன். உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும் சார், நான் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். முப்பத்தோரு வருஷம் இரண்டிலும் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோயிருக்கிறது.

என் பெயர் திருவேங்கடம். பஞ்சாயத்து போர்டில் ஹெட் குமாஸ்தா. ஊருக்கு யாராவது ஏதாவது தானமாகக் கொடுத்தால், அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா, வாங்கினால் எங்கே வைப்பது என்று குறிப்பு எழுதுவது என் வேலை. கடிகாரம் கொடுப்பார்கள், தண்ணீர்த் தொட்டி கொடுப்பார்கள், செத்துப்போன அப்பாவின் படம் கொடுப்பார்கள். சிலை என்று வந்தது ஒன்றே ஒன்றுதான்.

கொடுத்தவர் ரைஸ் மில் சிட்டிபாபு. ஆந்திரா ஸ்டேட் பிறந்த அதே வாரத்தில் அவர் மனைவிக்குப் பிரசவம். குழந்தை கால் பக்கமாக வந்து, தாய் பிழைப்பது சந்தேகம் என்று ஆகிவிட்டது. தபீதாள் நர்சம்மா இரண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தார். நர்சம்மா குடிபாலா பக்கத்து மிஷன் குடும்பம். இருபத்தேழு வயதில் எங்கள் ஊருக்கு வந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், என் மூன்று பிள்ளைகளும் சேர்த்து. சிட்டிபாபு நன்றி மறக்காத மனுஷர். திருப்பதியில் சிற்பியைப் பிடித்து, ஆள் உயரத்துக்கு நர்சம்மாவைச் செய்யச் சொல்லி, ஒரு கையில் பையும் ஒரு கையில் குடையுமாக, வேர்க்கடலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து போர்டு வாசலில் இறக்கிவிட்டார்.

அங்கேதான் சிக்கல். உயிரோடு இருப்பவர்களுக்குப் பொது இடத்தில் சிலையோ படமோ வைக்கக் கூடாது என்று எங்கள் போர்டில் ஒரு தீர்மானம் இருந்தது. முன்னே இருந்த பிரசிடெண்ட் ஒருவர் தனக்குத் தானே சிலை வைத்துக்கொள்ளக் கிளம்பியபோது, அதைத் தடுக்க மெம்பர்கள் ஒரு வாக்கியம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான். அதில் ஓட்டை கிடையாது. அதனால் சிலையை ஏற்றுக்கொண்டோம், நிறுத்தவில்லை. சாக்கு சுற்றி, ஃபினாயில் பீப்பாய்க்கும் உடைந்த குப்பை வண்டிக்கும் நடுவில் நிற்க வைத்தோம். ஆறு வருஷம் அப்படியே நின்றது.

நர்சம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோடவுனைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பார். "மூக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நீளம் வெச்சிக்கிறான்?" என்று கேட்பார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா திருவேங்கடம், நான் எப்போ சாவறதுன்னு தேதி கீதி குறிச்சிட்டியா?"

"அதெல்லாம் இன்னாம்மா பேச்சு, நீங்க நூறு வருசம் இருக்கணும்" என்பேன். மனசாரத்தான் சொன்னேன். அப்போது தேதி எதுவும் குறிக்கவில்லை.

இந்த ஜனவரியில் சிட்டிபாபு ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். எல்லைப் பிரச்சினை தீர்ந்து, ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸோடு போகிறது. அவர் மில்லையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு போகிறார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் போர்டு சிலையை நிறுத்தாவிட்டால் தானம் ரத்து, சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதைத் தன் மில் வாசலில் வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். நியாயமான கடிதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரசிடெண்ட் வெங்கடரமணன் நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். "அந்த ரூலை எடுத்துடலாம்யா. உசுரோட கீற நல்லவங்களுக்கு வெச்சா இன்னா கொறஞ்சி பூடுது?" என்றார். இன்று நர்சம்மா என்று எடுத்தால் நாளைக்கு வட்டிக்கடைக்காரன் வந்து நிற்பான் என்று நான்கு பக்கம் குறிப்பு எழுதி வைத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்று ஃபைலை மூடிவிட்டார்.

நர்சம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். "மில்லுல வெச்சா இன்னா, மாட்டுக் கொட்டாயில வெச்சா இன்னா? நானே வேலூருக்குப் போய்க்கினு கீறேன், எலிசபெத் கூப்டுகினே இருக்கறா" என்றார். எலிசபெத் அவர் மகள், வேலூரில் டீச்சர். என் மகள் யசோதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாக நர்சம்மா சொன்னார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். எங்கள் ஊரில் வெளியூர்க்காரனை நிறுத்திக் காட்ட ஒன்றும் கிடையாது. நாற்பது வருஷம் உழைத்த ஒரு பெண்பிள்ளை வேலூரில் ஏதோ ஒரு சந்தில் கண்ணை மூடுவார். அவர் சிலை தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நிற்கும். பத்து வருஷத்தில் இங்கே ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கு அது ஆறவில்லை. போர்டின் நிபந்தனை ஒன்று, கொடுத்தவரின் நிபந்தனை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் பார்த்தேன். இரண்டும் மீறப்படாமல் சிலை நிற்க ஒரு வழிதான் இருந்தது. எனக்கென்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

கல்வெட்டுக்கு நேரம் வேண்டும். திருப்பதியில் கல் கொத்துகிற சின்னசாமிதான் எங்கள் போர்டுக்கு வழக்கமாகச் செய்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழோ தெலுங்கோ, காகிதத்தில் இருப்பதைப் படம் மாதிரி பார்த்து அப்படியே கொத்திவிடுவார், ஒரு புள்ளி பிசகாது. பத்து நாள் கொடுக்க வேண்டும். அதனால் தேதியை முன்னாடியே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. யசோதாவுக்கு மார்ச் பன்னிரண்டு வாக்கில் ஆகும் என்று நர்சம்மாவே சொல்லியிருந்தார். தலைப்பிரசவம் தள்ளிப்போகும். ஒரு வாரம் சேர்த்துப் பத்தொன்பது என்று வைத்தேன். ஒன்பதாம் தேதி சின்னசாமிக்குக் கடிதம் போனது. அதைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். நம்பரும் தேதியும் போடாமல் நான் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை.

யசோதாவுக்குப் பன்னிரண்டும் தாண்டியது, பதினைந்தும் தாண்டியது. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. கல்லில் ஏறிவிட்ட தேதியை மாற்ற முடியாது. நர்சம்மா இல்லாமல் பிரசவம் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பத்தொன்பது சனிக்கிழமை விடிந்ததும் வலி எடுத்தது. பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடி சுற்றியிருந்ததாம். வேறு ஒருத்தி பார்த்திருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்று என் மனைவி சுலோசனா சொன்னாள். அந்தக் கைக்கு ஒரு சிலை வைக்கலாம் என்று நான் அப்போதும் நினைத்தேன்.

நர்சம்மா கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். "உன் பேத்தி உன்ன மாதிரியே கம்முனு கீறாப்பா. ஒரு அடி போட்டப்புறம்தான் அழுதா" என்றார். காப்பியை நானே கலந்து கொண்டுவந்தேன். போர்டு கோடவுனில் எலிக்கு வைக்கிற மருந்து எப்போதும் இருக்கும், சாவி என்னிடம்தான்.

"இன்னாபா, காப்பி கசக்குது?"

"சிக்கரி தூக்கலா பூட்ச்சிம்மா."

என் வீட்டுக் காப்பியை மிச்சம் வைக்கக் கூடாது என்று முழுசும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யசோதாவுக்கு என்னென்ன கொடுக்கலாம், என்னென்ன ஆகாது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் போனார். சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் வீட்டில் உயிர் போயிற்று. வயசு, இத்தனை நாள் அலைச்சல், மாரடைப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான்தான் எலிசபெத்துக்குத் தந்தி கொடுத்தேன். கல்லறை வரைக்கும் நடந்தேன், அழுதேன். அது நடிப்பு இல்லை சார். அம்மாவைப் போல இருந்தவர்.

இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு எதிரில் சிலை திறந்தோம். போர்டு தீர்மானமும் மீறப்படவில்லை, சிட்டிபாபுவின் கெடுவுக்கும் நான்கு நாள் பாக்கி. பெண்பிள்ளைகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வடமாலபேட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. எலிசபெத் மேடைமேல் ஏறி அந்த நீள மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள்.

சின்னசாமியும் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தார், பாவம். "ராப்பகலா ஒக்காந்து கொத்தனேம்மா. பதினாலு, திங்கக்கெழமையே முடிச்சிட்டேன். வியாழக்கெழமை லாரில ஏத்தி வுட்டேன்" என்றார். அவள் டீச்சர். அழுகையை நிறுத்திவிட்டுக் கல்லைப் பார்த்தாள். மறைவு பத்தொன்பது என்று இருந்தது. விரலை மடக்கி எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை. ஆனால் அவருக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லில் கடைசி வரியைப் பற்றிக் கேட்டீர்கள். "சிலை அமைப்பு ஏற்பாடு: ஹெட் குமாஸ்தா அ. திருவேங்கடம்" என்று இருக்கிறதே, அதுதானே. அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது, சின்னசாமி தானாகவே போட்டிருப்பார் என்று நினைத்தேன். கடிதத்திலேயே இருக்கிறதா? என் கையெழுத்துதான். நர்சம்மா பெயரைவிட அந்த வரியின் எழுத்து சிறுத்துவிடக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறேனா? இருக்கலாம். ஞாபகம் இல்லை.

போர்டு இன்று அவசரக் கூட்டம் போடுகிறது என்று வாசலில் கான்ஸ்டபிள் பேசிக்கொண்டிருந்தார். நான் இல்லாமல் குறிப்பு யார் எழுதுகிறார்களோ. அவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள். நர்சம்மாவை வேண்டுமானால் சிட்டிபாபு எடுத்துக்கொண்டு போகட்டும். கல் அங்கேயே இருக்கட்டும்.