பின்னால் நில் என்றேன்

ஓடுகிறோம். காலை 6.40. தலைக்கு மேல் ஷெல்லின் விசில் சத்தம். நான்குவரை எண்ணலாம். பிறகு வெடிக்கும்.

"படு! படு! எழும்பாதை!"

என் குரல்தான். மலர் என் காலடியில் விழுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண், இருபத்தாறு வயது. அருகில் அவள் அம்மா. அவர் எழும்பவில்லை.

மாலை சோதனைச் சாவடி. சனம் முண்டியடித்தது. எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். அடையாள அட்டைகளை அடுக்கிப் பிடித்தேன். "பிள்ளை, பின்னால நில். நான் முன்னால நிக்கிறன்." தாண்டித் திரும்பினேன். அவள் இல்லை. சிப்பாய்கள் கொண்டுபோயிருந்தார்கள்.

பதினோராம் நாள் விட்டார்கள். நடந்ததை ஒரே முறை சொன்னாள். எல்லாவற்றையும் எழுதுகிறவள் நான். அதை எழுதவில்லை. அது அவளுடையது.

கடல் கடந்தோம். இப்போது கள்ளக்குறிச்சிக்கு அருகே அகதி முகாம். கல்வராயன் மலைப்பக்கம் இடி இடித்தால் இருவரும் நான்குவரை எண்ணுவோம். செவ்வாய்தோறும் அவளை ஒரு பெண் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஆறாம் வாரம் தூங்கினாள். ஒன்பதாம் வாரம் தையல் மெஷினை மிதித்தாள். முதல் ஜாக்கெட் முனியம்மாவுக்கு, பக்கத்து ஊரில் கரும்பு வெட்டுகிறவள்.

"கைய இவ்ளோ டைட்டா தச்சிக்கீறியே, கரும்ப நீ வந்து வெட்டுவியா?"

மலர் சிரித்தாள். அன்று வியாழன். குறித்துவைத்தேன்.

முகாமில் மாதத் தணிக்கை. வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். வராதவர் பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் அரிசியும் போகும். அதுவரை மருத்துவரின் சீட்டு மலரை வரிசையிலிருந்து காப்பாற்றியது. அந்த மாதம் வந்த புதிய அதிகாரி சீட்டை ஏற்கவில்லை.

துணைக்கு வந்த முனியம்மா அவரிடம் கேட்டாள். "அந்தப் பொண்ணு உள்ளதான் கீதுங்க. வாசல்ல ஒரு எட்டு பாத்தா இன்னா சார்?"

"ஒருத்திக்குப் போனா எல்லார் வூட்டுக்கும் போவணும்மா."

நானே அழைத்துவந்தேன். மேசையருகே ஒரு காக்கிச் சட்டை. எங்களுக்கு முன் இரண்டே பேர். மலர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். தைரியம் சொல்ல நினைத்தேன்.

"பிள்ளை, பின்னால நில். நான் முன்னால நிக்கிறன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. திரும்பினேன். அவள் இல்லை.

தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டிருந்தாள். பெயரை வெட்டினார்கள். மூன்று மனு கொடுத்தேன். பதில் இல்லை. மெஷின் சத்தம் நின்று இன்றோடு நாற்பத்தொரு நாள். ஒருத்தியின் அரிசியில் இருவர் சாப்பிடுகிறோம். அவளுடையதைக் கதவடியில் வைக்கிறேன்.

ஊரிலிருந்து புறப்பட்டது எட்டுப் பேர். ஷெல்லில் போனது ஐந்து: மலரின் அம்மா, என் கணவர், என் இரண்டு மகன்கள், என் தங்கை. காணாமல் போனது ஒன்று: மலரின் அப்பா. முகாமுக்கு வந்தது இரண்டு. பதிவேட்டில் இருப்பது ஒன்று.

மலர் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். நான் முன்னால் நிற்கிறேன்.