வாத்தியார் லைன்ல இருக்காரு

இல்லம்மா, ஒக்காரல. நின்னுக்கிட்டே சொல்றேனே. இத்தன வருசமா மைதானக் கோட்டோரம் நின்னே பழகிப்போச்சு, ஒக்காந்தா எனக்குப் பேச்சு வராது. காபியும் வேணாம்மா, இருக்கட்டும்.

இந்த விசாரணையில நீங்க கேட்டது புரியாம இல்ல. அந்த ஃபுட்பால் ஆட்டத்தப்ப என் காதுல இருந்த போன்ல, தடையில இருந்த எங்க கோச் ஜெனில்டோ வாத்தியார்கிட்டருந்து உத்தரவு வந்துச்சா, வரலியா. ஒரே வார்த்தையில வரலன்னு சொல்லிட்டு எறங்கிருன்னு எங்க வக்கீலய்யா சொல்லித்தான் கூட்டியாந்திருக்காரு. வந்துச்சுன்னு சொன்னா மூணு பாயிண்டும் போயிரும், எங்க பெட்ரா மான்சா கிளப்பு கீழ் டிவிஷனுக்கு எறங்கிரும். எங்க மாதிரி சின்ன ஊரு கிளப்பு ஒருக்கா எறங்குனா மறுபடி ஏறாதும்மா. மைதானத்த வித்து சூப்பர்மார்க்கெட் கட்டிருவாங்க, ஆளு வந்து அளந்துட்டே போயிட்டான். அது தெரிஞ்சுதான் நிக்கிறேன்.

ஆனா ஒரே வார்த்தையில முடியலம்மா. கைய ஒசத்தி சத்தியம் வேற பண்ணியிருக்கேன்.

உங்க பேப்பர்ல நிவால்டோ, துணைக் கோச்னு போட்டிருக்கு. சரிதான். ஆனா சொந்த யோசனையில ஒரு ஆளக்கூட நான் மாத்துனதில்ல. அவரு வாய், நான் கை. அம்புட்டுத்தான்.

வாத்தியாரோட எத்தன கிளப்புல வேல பாத்தேன்னு என் பொண்டாட்டியத்தான் கேக்கணும், வீடு காலி பண்ணதெல்லாம் அவதான். படகுல போயி ஆடிட்டுப் படகுலயே திரும்பி வர்ற ஊருல இருந்திருக்கோம். தெக்க, ஜூலை மாசக் குளுருல பல்லு கிட்டிப்போற ஊருல இருந்திருக்கோம். நல்லா ஆடற கிளப்பு எதுவும் அவரக் கூப்புட்டதில்லம்மா. முங்கப்போகுதுன்னு தெரிஞ்சாத்தான் போன் வரும், வாத்தியாரே வந்து கரையேத்துங்கன்னு. ஏத்துவாரு. கரையேறுனதும் அடுத்த வருசம் ரெண்டு ஆட்டம் தோத்தா அனுப்பிருவாங்க. கிளப் தலைவரு ரேடியோல வந்து, வாத்தியார் மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்குன்னு சொல்லிட்டாருன்னா போதும், அவரு சம்சாரம் பரண்லருந்து பெட்டிய எறக்க ஆரம்பிச்சிரும். அந்த நம்பிக்கை ஒரு வாரந்தான் தாங்கும்.

சிரிங்கம்மா, தப்பில்ல. அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. புண்ணியவதி, அந்தம்மா போயி ரொம்ப நாளாச்சு. அப்பறம் மக லூசிமாராதான் பெட்டி எறக்கும். அந்தா, கடைசி வரிசையில நீலச் சட்டை. அதுதான்.

போன் பழக்கமா? அது அவரு கோவத்தால வந்ததும்மா. மாசத்துக்கு ஒருக்கா ரெஃப்ரிய ஏதாவது சொல்லி வெளியேறிருவாரு. பெஞ்சுல ஒக்காரக்கூடாதுன்னா எங்கியாவது ஏறிருவாரு. பேக்கரி மொட்டமாடி, மாமரம், ஒரு தடவ எதிராளி சனத்துக்கு நடுவுல அவங்க தொப்பியே போட்டுக்கிட்டு. அவங்க கோல் போட்டப்ப எந்திரிச்சுக் கையத் தட்டிக்கிட்டே என் காதுல நம்ம கோல்கீப்பரோட ஏழு தலமொறையையும் இழுக்கறாரு. அப்பல்லாம் தடையில இருக்கறவரு போன்ல பேசக்கூடாதுன்னு சட்டம் இல்லியே. போன வருசந்தான் போட்டீங்க.

நீட்டிப் பேசமாட்டாரு. ஆளு பேரச் சொல்லி, போதும்பாரு. அப்பறம் எறங்கவேண்டிய ஆளு பேரு. ஏன்னு நான் கேட்டதில்ல. கேக்கறதுக்குள்ள ஆட்டம் மாறியிருக்கும். ஒரு ஆளு கால் தளர்றது அந்த ஆளுக்கே தெரியறதுக்கு முன்னாடி வாத்தியாருக்குத் தெரியும்.

இந்தத் தடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்க போட்டதுதானே. ரெஃப்ரி சிவப்பு கார்ட எடுத்துக் காட்டுனதும், கையிலருந்து வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. தம்பி, இது உனக்கு ராசியில்ல, எங்கிட்ட இருக்கட்டும்னாரு. நாலு ஆட்டம் குடுத்தீங்க. நியாயந்தான். இந்த ஆட்டம் அதுல ரெண்டாவது.

அந்த வியாழக்கெழம பயிற்சிக்குப் பிளாஸ்டிக் கோன் அடுக்கிக்கிட்டிருந்தாரும்மா. குனிஞ்சவரு நிமிரல. முட்டி மடிஞ்சு அப்பிடியே ஒக்காந்த மாதிரி சாஞ்சிட்டாரு. பசங்க வெளையாட்டுன்னு நெனச்சானுங்க. மூளையில ரத்தம். இனி கண்ணு முழிக்க மாட்டாரு, மெஷின் ஓடறவரைக்குந்தான்னு டாக்டரு லூசிமாராகிட்டச் சொல்லிட்டாரு. பக்கத்துல நான் நின்னேன்.

எங்க தலைவரு என்ன பண்ணாருன்னா, லேசான மயக்கம், ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரி டிவியில ஆட்டம் பாப்பாருன்னு ரேடியோல சொல்லிட்டாரு. கெட்ட எண்ணம் இல்லம்மா, பயம். கடைசி ஆட்டம். ஜெயிச்சாத்தான் டிவிஷன்ல நிப்போம், டிரா பண்ணாக்கூட எறங்கிருவோம். விசயம் தெரிஞ்சா பசங்க ஷூ கட்டும்போதே தோத்திருப்பானுங்க. எதிர்க் கிளப்போட வக்கீலய்யா, அந்தப் பக்கம் இருக்காரே, அவரு அந்த ரேடியோவ நம்பித்தான் கேஸ் போட்டிருக்காரு, டிவியப் பாத்துக்கிட்டே வாத்தியார் எனக்கு உத்தரவு குடுத்தாருன்னு. அவரு மேல தப்பு சொல்லமாட்டேன்.

காதுல அத ஏன் மாட்டுனேன்னா, மாட்டாமப் போயி நின்னா பசங்களுக்குத் தெரிஞ்சிரும். டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாரும் கைகோத்து பரலோக மந்திரம் சொல்லி முடிச்சதும் ஃபாரின்யா, எங்க கேப்டன், என் காதப் பாக்கறான். வாத்தியார் லைன்ல இருக்காராண்ணேங்கறான். இருக்காருடா, நீ மொதல்ல ஷூ லேசக் கட்டுன்னேன். மந்திரம் சொன்ன வாய் காயல, அதுக்குள்ள பொய். மனசு கேக்கல. அதனாலதான் நெசமாவே லூசிமாராவுக்குப் போன் போட்டு, பாப்பா, போன அவரு தலகாணியில வெச்சிரு, ஆட்டம் முடியறவரைக்கும் எடுக்காதன்னேன்.

என்ன கேட்டுச்சா? மூச்சும்மா. மெஷின் தள்ற மூச்சு. இழுக்கும், நிக்கும், விடும். அது நிக்கறப்பல்லாம் எனக்கும் நின்னுச்சு.

அப்பறம் அந்த ரூம்ல இருந்த டிவி. அது லேட்டும்மா. மைதானத்துல நடந்து முடிஞ்சு, சனம் மூச்சு விட்டு ஒக்காந்ததுக்கப்பறந்தான் அங்க வரும். எதிராளி மொத கோல் போட்டான். மைதானமே செத்த வீடு மாதிரி ஆயிருச்சு. சரி, விழுந்துருச்சு, இனி ஆகவேண்டியதப் பாப்போம்னு நிமிர்றேன், காதுக்குள்ள அதே கோலு மறுபடி விழுகுது. அந்த அறிவிப்பாளர் கத்தறாரு. ஆட்டம் பூராவும் அப்பிடித்தான். கண்ணு முன்னாடி ஒரு ஆட்டம், காதுல முடிஞ்சுபோன ஆட்டம்.

நான் வாய் மூடாம பேசிக்கிட்டே இருந்தேன்னு ரெஃப்ரி எழுதியிருக்கறது நெசந்தான். வாத்தியாரே, எடது பக்கம் நம்ம பய தெணறுறான். வாத்தியாரே, வானம் கருத்துக்கிட்டு வருது. வாத்தியாரே, ஃபாரின்யா கார்னர்ல தலையால முட்டிட்டான், சமம் ஆயிருச்சு, கேட்டுச்சா. இதத்தான் பேசுனேன். அதுக்குப் பதிலு மூச்சுதான். உத்தரவுன்னு ஒண்ணும் இல்ல. மொத பாதி வரைக்கும் நான் சத்தியமாச் சொல்றேன், ஒண்ணுமே இல்ல.

இடைவேளையில பசங்க ஆரஞ்சச் சப்பிக்கிட்டு என் வாயவே பாக்கறானுங்க. என்ன சொல்றாருண்ணே, என்ன சொல்றாரு. இருங்கடான்னுட்டு நான் கக்கூஸ் பக்கம் போயி லூசிமாராகிட்ட ரெண்டு வார்த்த பேசுனேன். திரும்பி வந்து, ஜெயிச்சிருவோம்னு வாத்தியார் சொல்றாருன்னேன். அது பொய்யிம்மா. அத எழுதிக்கங்க. அதுக்கு எனக்கு என்ன தண்டன குடுக்கணுமோ குடுங்க.

ரெண்டாம் பாதி.

ஜாண்ட்சன்னு ஒரு பையன், பத்தாம் நம்பரு, எங்க தலைவரோட அக்கா மகன். தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க, இங்க உள்ளதச் சொல்லணும். அவன எடுத்தா சாயங்காலம் வேல இருக்காதுன்னு கிளப்புல புல்லு வெட்டறவருக்குக்கூடத் தெரியும். சீசன் பூரா வாத்தியாரே அவன வெளிய எடுத்ததில்ல. ரெண்டு வருசம் முந்தியா இருந்தா எடுத்திருப்பாரு. கடைசியா கெடச்ச கிளப்புன்னு அவருக்கும் ஒரு பயம் இருந்துச்சு.

நான் கோட்டோரம் நிக்கிறேன். மழ பிடிச்சிருச்சு. நேரம் போயிக்கிட்டே இருக்கு, சமமாவே நிக்குது, பின்னாடி சனம் ஜெபமாலைய உருட்டுது. காதுல டிவி பாட்டுக்கு லேட்டா ஓடுது. அப்ப வந்துச்சும்மா.

ஜாண்ட்சன், போதும். கோகாடாவ எறக்கு. வலது பக்கம் தொறக்கும்.

ஆமாம்மா. உத்தரவு வந்துச்சு.

வக்கீலய்யா, ஒக்காருங்க. சட்டய இழுக்காதீங்க. தலைவரே, கதவுகிட்டப் போகாதீங்க, நான் இன்னும் முடிக்கல.

கொரல் யாருதுன்னா, வேற யாருதும்மா? அத்தன கிளப்புக் கோட்டோரத்துலயும் கேட்ட கொரலு. தொண்டையில கரகரப்பு இல்ல, அது ஒண்ணுதான் வித்தியாசம். சின்ன வயசுல பேசுவாரே, அப்பிடி.

அப்ப வலது பக்கம் ரெண்டு தடியனுங்க செவுரு மாதிரி நிக்கறானுங்க. எங்க தொறக்கறது? கோகாடாவோ பெஞ்சுல போர்வயப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கான், அந்த சீசன்ல பந்தத் தொட்டதே இல்ல. ஆனா என் கை தானா நம்பர் பலகைய வாங்கிருச்சு. ஜாண்ட்சன் வெளிய வரும்போது என்னப் பாத்து, ஒனக்கு இருக்கு கெழவான்னான். கோகாடா எறங்கறான். ஏண்ணே நானான்னு கேட்டுக்கிட்டேதான் எறங்கறான். அந்தத் தடியனுங்கள்ல ஒருத்தன் சேத்துல காலு வழுக்கிக் கெண்டக்கால் பிடிச்சு ஒக்காந்தான். தொறந்துருச்சு. மிச்சந்தான் ஊருக்கே தெரியுமே.

அதத்தான் சொல்ல வர்றேன், அந்தப் பக்கத்து வக்கீலய்யா இதக் கவனிக்கணும். டிவியப் பாத்துச் சொன்னவரா இருந்தா ஆட்டத்துக்குப் பின்னாடிதான் சொல்லியிருக்க முடியும். இது முன்னாடி வந்துச்சு. கோகாடா கோல் போட்டு, பசங்க அவன் மேல ஏறி விழுந்து, எந்திரிச்சு, அதுக்கப்பறந்தான் என் காதுல அந்த டிவிக்காரரு கோலுன்னு கத்துனாரு.

இல்லம்மா, அவரு போனது சாயங்காலம் இல்ல. சாயங்காலம்னு ரேடியோல சொன்னாங்க. சனம் கொண்டாடிட்டு வீட்டுக்குப் போகட்டும்னு தலைவரு தள்ளிப்போட்டது.

இடைவேளையில லூசிமாராகிட்ட ரெண்டு வார்த்த பேசுனேன்னேனே, அது இதுதான். மாமா, அப்பா போயிட்டாரு, மெஷின எடுத்துட்டாங்கன்னுச்சு. போனக் கட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்வேன்? அது இல்லாம எப்பிடி நிக்கறதுன்னு எனக்குத் தெரியாதும்மா. வேணாம் பாப்பா, அவரு பக்கத்துலயே இருக்கட்டும்னேன். பாப்பா கையெழுத்துப் போட நர்ஸோட வெளிய போயிருச்சு. ரெண்டாம் பாதி பூராவும் அந்த ரூம்ல அவரும் டிவியுந்தான். அந்தா நிக்குது, அதயே கேளுங்க.

நானே யோசிச்சு மாத்துனேன்னு சொன்னா பாயிண்ட் எங்ககிட்டயே நின்னுரும். வக்கீலய்யா காலையிலருந்து அதத்தான் சொல்லித் தர்றாரு. ஆனா நான் யோசிக்கலியேம்மா. பொய் ஒண்ணு ஏற்கெனவே சொல்லியாச்சு, அதுக்கு மேல என்னால முடியல. தடையில இருக்கறவரு உத்தரவு குடுக்கக்கூடாதுன்னு சட்டம். அந்தத் தடை, ஆளு போனதுக்கப்பறமும் நிக்குமா, இல்ல அவரோடயே தீந்துருச்சா? அத நீங்கதான் சொல்லணும். பாயிண்டுக்காக மட்டும் கேக்கலம்மா. ஞாயித்துக்கெழம கோப்பை ஆட்டம் இருக்கு, என்னையே வாத்தியாரா நிக்கச் சொல்லியிருக்காங்க. நாலு ஆட்டத்துல இன்னும் ரெண்டு பாக்கி.

போனா? அது வேணாம், ஆதாரமா உங்க மேசையிலயே இருக்கட்டும். நேத்துப் பயிற்சியப்பவும் அது இங்கதானே இருந்துச்சு. அப்பவும் காதுல, ஃபாரின்யா, போதும்னாரு.