சாட்சியுள்ள வீடு

வீட்டுக்கு நாலு பேர் வருவதென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே கொள்ளை ஆசை. முந்தின நாளே ஜன்னல் கம்பி வரை துடைத்துவிடுவேன். அன்று ஜெபக்கூட்டத்துக்குப் போதகரே வந்திருந்தார். நான் சபைச் செயலாளர். ஏனோதானோ என்று இருக்க முடியாது இன்ஸ்பெக்டர் சார்.

தம்பியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சபையைப் பொறுத்தவரை அவன் வெளிநாட்டில் கப்பல் கம்பெனியில் பெரிய அதிகாரி. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, என் வீட்டுப் பின்னறையில் கிடந்தான். குடியை விட்டுவிட்டானாம். முடிந்த அன்று எழுந்து பாத்திரம் தேய்ப்பான். தெருமுனையில் செருப்புத் தைப்பவர் காய்ச்சலில் கிடந்தபோது, தன் சாப்பாட்டைக் கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தான். கேட்டதும் எனக்குக் குமட்டியது. தம்பியின் அந்த மஞ்சள் கண்ணும் புளித்த வாடையும் வேறு. அவன் டம்ளரையே தனியாகத்தான் வைத்திருந்தேன்.

"அண்ணே, நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே" என்றான்.

"யாருன்னு கேட்டா என்னடா சொல்றது?"

"தம்பின்னு சொல்லுங்க."

அவனுக்கு எப்போதுமே விவரம் போதாது. உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன்.

இலை தழைத்தும் கனி கொடுக்காத அத்திமரத்தைப் பற்றிப் போதகர் பேசினார். அருமையான செய்தி. சபையில் யார் யாருக்கு அது பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு தட்டும் சத்தம். எழுந்து போய்ப் பின்னறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்த என் மனைவி காதோடு சொன்னாள்: "ரத்தமா வாந்தி எடுக்கறாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"கூட்டம் முடியட்டும்" என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் எழ எழ, பிடியை இறுக்கினேன். கணவனும் மனைவியும் கைகோத்து ஜெபிக்கிறார்கள் என்று எதிரே இருந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெபம் முடிந்து பாட்டு தொடங்கியது. தட்டல் பலத்தபோது நான் இன்னும் உரக்கப் பாடினேன். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றுவிட்டது.

"சாட்சியுள்ள வீடு பிரதர், சபைக்கே முன்மாதிரி" என்றார் போதகர். மனைவியைத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "நான் பார்த்துக்கறேன்" என்று பின்னால் போனேன்.

கதவைத் திறந்தபோதே அவன் இறந்து கிடந்தான் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் அவளிடம் சொன்னது அதுதான். ஆனால் உயிர் இருந்தது. தரையெல்லாம் ரத்தம். தவழ்ந்து வந்து என் வெள்ளைப் பேண்டைப் பிடித்துக்கொண்டான்.

"கூட்டம் கெட்டுடக் கூடாதுன்னுதான் தட்டுறத நிறுத்திட்டேண்ணே" என்றான். "இப்பப் போலாமா?"

ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே கூடிவிடும். போதகர் இன்னும் கிளம்பவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஒரு குடிகாரனால் கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு வரக் கூடாதே. அதற்காக மட்டும்தான் சார், கதவை மறுபடியும் சாத்தினேன்.