முன்மூக்குக்கு ஓர் ஏணி

ஏணி வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றுதான். கடையில் பார்க்கும்போது எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். கொண்டுபோய் நாலு நடை நடந்தால்தான் எது கடிக்கும் என்று தெரியும். படகுச் சாமான் கடையில் நின்று தலை நரைத்தவன் நான். ஏணி கேட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போவதில்லை.

நீங்களும் ஏணியைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஐயா. அதனால் அதிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவர் மெதுவாக எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் தங்கையின் கணவர் பல் டாக்டர். ஊரார் வாயைப் பார்த்தே பிழைத்தவர். அது சலித்துப்போய் ஒரு நாள் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டு வந்து நின்றார். நல்ல படகுதான். வெள்ளை அடித்து, பாய் மாற்றி, உள்ளே இரண்டு அறையும் சின்ன அடுப்பும் வைத்து, புதுப்பெண் மாதிரி அலங்கரித்தார். ஒரே ஒரு குறை. பின்பக்கத்தில் சுக்கானைத் திருப்புகிற கருவி முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டு இரண்டும் வழவழவென்று ஆள் உயரத்துக்கு மேல். ஆகவே ஏணி வைப்பதென்றால் முன்மூக்கில்தான் வைக்க வேண்டும். துறைமேடையில் மூக்கை முட்டி நிறுத்தினால் கரையில் இறங்கவும் அதுவே வழி. நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுக் குளிக்க இறங்கினால் திரும்ப ஏறவும் அதுவே வழி. சுருக்கமாகச் சொன்னால் அந்தப் படகுக்கு வாசல் அது ஒன்றுதான். அந்த வாசலைத் தேர்ந்தெடுக்கிற வேலையை மாப்பிள்ளை என்னிடம் விட்டார்.

ஏன் என்னிடம் விட்டார் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் என்னிடம் விட்டுப் பழகிய வீடு அது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது என் தங்கை பாப்பாவுக்குத் தானாகத் தலை பின்னத் தெரியாது. பின்னிவிட்டது நான். காய்ச்சலில் கண்விழித்தது நான். அவளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது, எனக்கு இன்னும் பாப்பாதான். எனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாதே. மாப்பிள்ளையையும் நான்தான் பார்த்து முடித்தேன். வந்த வரன்களில் இவரைவிடப் படித்தவர்கள் இருந்தார்கள், வசதியானவர்களும் இருந்தார்கள். இவருக்கு அடுத்த தெருவில் வீடு. அதுதான் இவரிடம் எனக்கு முதலில் பிடித்த குணம்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. என்னை மச்சான் மச்சான் என்று மரியாதையாகத்தான் நடத்தினார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், படகிலேயே கிளம்பிப் போய்ப் பிடித்த ஊரில் தங்கிவிடப் போவதாகவும் சொன்னார். திரும்பி வருவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, நல்லது மாப்பிள்ளை, காற்று மாற்றம் உடம்புக்கு நல்லதுதான் என்றேன்.

மறுவாரம் இருவரும் ஏணி பார்க்கக் கடைக்கு வந்தார்கள். இரண்டு வகைகளை எடுத்து வைத்தேன். இரண்டும் துருப்பிடிக்காத எஃகு, இரண்டும் மடங்கிக்கொள்ளும். ஒன்றின் கடைசிப் படியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். மடக்கி வைத்திருந்தாலும் தண்ணீரில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஏணி விரிந்து கீழே வந்துவிடும். மற்றதில் கயிறு கிடையாது. மேல்தளத்தில் ஒரு கொக்கி. மடக்கினால் கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். மேலே நிற்பவர் விடுவித்தால்தான் ஏணி கீழே வரும்.

பாப்பா சிவப்புக் கயிறு வைத்ததைக் கையில் எடுத்தாள்.

"இது நல்லா இருக்கே அண்ணா. தண்ணிலேருந்தே இழுத்துக்கலாம்."

"நீ இழுக்கலாம்னா, துறையில நிக்கிற எவனும் இழுக்கலாம் பாப்பா. ரெண்டு பேரும் தூங்கும்போது ஏறி வந்தா என்ன பண்ணுவ?"

அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். என் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. மாப்பிள்ளை என் தோளில் கைபோட்டு, மச்சான்தான் எங்களுக்கு ஏணி, மச்சான் இல்லையென்றால் நாங்கள் எங்கே ஏறியிருப்போம் என்றார். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார். ஏறிப் போனவர்கள் யாரும் ஏணியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. நானும் சிரித்துவிட்டுக் கொக்கி வைத்த ஏணியைக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த விடுமுறையில் நானே போய் முன்மூக்கில் பொருத்தியும் கொடுத்தேன். ஏணியின்மேல் குற்றம் சொல்லாதீர்கள். அது தரமான ஏணி.

அன்றைக்கே மனதில் எண்ணம் இருந்ததா என்கிறீர்கள். இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கடை முதலாளியைக் கேட்டால் சொல்வார். யார் ஏணி வாங்க வந்தாலும், உங்களில் தனியாக நீந்துகிறவர்கள் உண்டா என்று கேட்காமல் நான் விற்கமாட்டேன். உண்டு என்றால் கயிறு வைத்ததைத்தான் வற்புறுத்திக் கொடுப்பேன். மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்கவில்லை. நங்கூரம் போட்ட இடத்தில் காலையில் எழுந்ததும் கடலில் ஒரு சுற்று நீந்திவிட்டுத்தான் அவர் வாயே கொப்பளிப்பார். அது எனக்குத் தெரிந்ததுதானே, கேட்பானேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் போனார்கள். அண்ணாவும் வரட்டும் என்று பாப்பாதான் கூப்பிட்டாள். பகலெல்லாம் நல்ல காற்று. பாறைக்கரை ஒன்றின் மறைவில் நங்கூரம் போட்டோம். அந்த அமைதியில் அவள் சிறுபிள்ளை போலச் சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடல்காற்று சிலருக்குத் தலைக்கு ஏறும்.

காலையில் மாப்பிள்ளை ஏணியை விரித்துவிட்டு இறங்கினார். குளிர்காலம் முடிந்தும் முடியாத தண்ணீர், விரலை வைத்தால் மரத்துப்போகும். அவர் பின்பக்கமாக நீந்திப் போனதும் ஏணி அலையில் ஆடி மூக்கில் மோதிக்கொண்டிருந்தது. பாப்பா படுத்திருந்த அறை அதற்கு நேர் கீழே. சத்தத்தில் விழித்துவிடுவாள் என்று ஏணியை மடக்கினேன். கொக்கி விழுந்து பூட்டிக்கொண்டது. அதுவரைக்கும் நான் செய்ததில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அவர் சுற்றி வந்து நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏணியை இறக்கச் சொல்லிக் கூப்பிட்டார். நான் குனிந்து உதட்டில் விரலை வைத்தேன். பாப்பா தூங்குகிறாள் என்று கீழே கைகாட்டினேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் தூக்கம் கலையக்கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரே கருத்துதான்.

"கொக்கி சிக்கிக்கிச்சு மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுங்க."

"மெதுவா எடுங்க மச்சான். அவசரமில்ல."

கொக்கியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது சிக்கவெல்லாம் இல்லை. ஒரு விரலால் தூக்கலாம். குளிர்ந்த தண்ணீர் ஆளை எப்படி எடுக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முதலில் கைப்பிடி தளரும். பிறகு குரல் போகும். இடையில் கொஞ்ச நேரம் மனிதர் நன்றாகவே பேசுவார். அந்த நேரத்தில் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று எனக்கு இருந்தது. எதற்கு அவளை அவ்வளவு தூரம் கூட்டிப் போகிறீர்கள், இங்கே என்ன குறை என்று கேட்டேன். போகவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவருக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. அத்தனை பேர் பல்லைப் பார்த்தவர் அவர்.

"படகு என் ஆசை, மச்சான். போறது அவ ஆசை. உங்ககிட்ட சொல்ல அவளுக்குப் பயம். நான் சொன்னதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், ஐயா. அந்த வார்த்தை வரும்வரை என் விரல் கொக்கியின் அடியில்தான் இருந்தது. திறந்தாலும் திறந்திருப்பேன். ஒரு மனிதர் உயிருக்குப் போராடும்போதுகூட என் தங்கையின்மேல் பழி போடுகிறாரே என்று மனது கசந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டேன். இன்னும் சிக்கலாகத்தான் இருக்கிறது, சங்கிலியை விடாதீர்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு நடுங்குவது நின்றது. ஒரு தடவை நிமிர்ந்து என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கத்தப் பார்த்தார், காற்றுதான் வந்தது. என் முகத்தைப் பார்த்தபடியேதான் கை நழுவியது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன், அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா.

அதற்குப் பிறகு கொக்கியைத் தூக்கி, அவர் விரித்துவிட்டுப் போன மாதிரியே ஏணியை இறக்கிவைத்துவிட்டு, என் இடத்தில் போய்ப் போர்த்திப் படுத்தேன். ஏணி விரிந்து கிடந்தது, ஆள் தசைப்பிடிப்பில் போயிருக்கலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றதையும் நம்பினார்கள். ஏணியைச் சந்தேகப்பட யாருக்கும் காரணமில்லை.

இன்றைக்கு நீங்கள் பாப்பா சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். அன்று காலையில் அரைத் தூக்கத்தில் மேலே பேச்சுக்குரல் கேட்டதாம். "அண்ணாவும் அவரும் ரகசியம் மாதிரி மெதுவாப் பேசிக்கிட்டிருந்தாங்க. அண்ணா ஒருவழியா மனசு ஆறிட்டார்னு நினைச்சேன். நிம்மதியாத் திரும்பிப் படுத்துட்டேன்." இவ்வளவு நாள் அதைச் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை மறந்துவிட அவள் எவ்வளவு முயன்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும், என்னிடம்தானே வளர்ந்தாள். அதைக் கேட்ட பிறகு இல்லை என்று சாதிப்பதில் அர்த்தமில்லை. ஏணியைத் தேர்ந்தெடுத்தது நான். மடக்கியது நான். திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான். அவர் தானாகப் போகவில்லை, நான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்றும், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றும் சொல்கிறீர்கள். எந்த ஊருக்குப் போகிறாள் என்பதை என்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாளாம். துக்கத்தில் அப்படித்தான் பேசுவாள், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் அவளிடம் விடுங்கள், நான் சொன்னால் சாப்பிடுவாள். பெற்றவர்களும் இல்லை, பிள்ளையும் இல்லை, இப்போது புருஷனும் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?