பின்னறைச் சுவரின் பூச்சு

பூச்சு வேலைக்குக் கரணை வாங்கப் போனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஐயா. கடையில் எடுத்துத் தருவதெல்லாம் மினுக்கத்தான் செய்யும். தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து விளிம்பு நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். வளைந்து கொடுத்துவிட்டு, விட்டதும் பழையபடி நிமிர வேண்டும். பிடி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். உங்கள் மேசைமேல் இருப்பது அப்படித் தேடி எடுத்ததுதான்.

புதுக் கரணை சுவரைக் கீறும். கொஞ்ச காலம் முரட்டுப் பூச்சுக்கு மட்டும் வைத்துத் தேய்த்தால்தான் கை சொன்னபடி கேட்கும். வேலை முடிந்த கையோடு கழுவி, துணியால் ஒற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தொங்கவிட வேண்டும். காய்ந்த கலவையைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது, தகடு கோணிவிடும். இரவலும் தரக் கூடாது. என் அண்ணன் ஒருமுறை கேட்காமல் எடுத்துப் பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினார். முனை மடங்கிவிட்டது. நானே அரத்தால் ராவிச் சரிசெய்துகொண்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்னப் புத்தி எனக்குக் கிடையாது.

அண்ணன் கொத்தனார். அவர் கட்டுவார், நான் பூசுவேன். ஒரே வீட்டில்தான் இருந்தோம். முன்னறை எனக்கு. மற்றது அவருக்கும் அண்ணிக்கும் அவர்கள் மகளுக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணி கையால்தான் சாப்பாடு.

வீட்டுக்காரர்கள் சுவரைத் தடவிப் பார்த்து என்னைப் பாராட்டினால் அண்ணனுக்குப் பொறுக்காது. "நான் பெத்து வளர்க்கிறேன், இவன் வந்து பவுடர் போட்டுட்டுப் பேரை வாங்கிட்டுப் போறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதிலிருந்து என் பெயரே 'பவுடர்' என்று ஆகிவிட்டது. சிமெண்ட் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குழந்தைகூட "பவுடர் சித்தப்பா" என்றாள். நல்ல வேடிக்கைதான், இல்லையென்று சொல்லவில்லை.

அண்ணிக்குத் தையல் வேலை பெருகியதும் வீட்டுப் பின்பக்கம் அண்ணன் ஓர் அறை கட்டினார். வெளிவேலைகளுக்கு நடுவே அவசர அவசரமாகக் கட்டியது. பழைய குழியைத் தூர்த்த மண்மேலேயே சுவரை எழுப்பி, மேலே கான்கிரீட் தளமும் போட்டுவிட்டார். பூசப் போன அன்றே நான் பார்த்தேன். மூலையில் கீழிருந்து மேல்வரை விரிசல். கரணைப் பிடியால் தட்டினேன். நல்ல சுவர் கணீரென்னும், இது சொத்தென்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அண்ணே, இந்த மூலையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"கட்டுறது என் பாடு. நீ பவுடரைப் போடு."

ஆக, நான் சொல்லாமல் இல்லை. அவர் காதில் வாங்கவில்லை.

விரிசலுக்குள் கலவையைத் திணித்து, மேலே கம்பிவலை அடித்து, சாய்வு தெரியாதபடி பூச்சைத் தடித்தும் மெலித்தும் கொண்டுபோய் இழைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. அண்ணி வந்து நின்று பார்த்தார்.

"அந்த வெடிப்பு ஒண்ணும் பண்ணாதே, தம்பி?"

"பூச்சு நிக்கும் அண்ணி."

நான் பூச்சைப் பற்றித்தான் சொன்னேன். குழந்தை பள்ளிக்கூடத்துப் பையோடு வந்து அந்தச் சுவரடியில் உட்காரப் போனாள். "ஈரம் காயற வரைக்கும் சாயாதேம்மா, சட்டையில ஒட்டிக்கும்" என்றேன். காய்ந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மழைக்கே மயிரிழையாக ஒரு கோடு தெரிந்தது. அண்ணி அதை அண்ணனிடம் காட்டவில்லை, என்னிடம் காட்டினார். "அவர்கிட்ட சொன்னா வள்ளுன்னு விழுவார். நீங்களே பார்த்துச் சரி பண்ணிடுங்க தம்பி." சரி பண்ணினேன். அடுத்த மழைக்குக் கோடு இன்னும் அகலமாகத் திரும்பி வந்தது. அதையும் சரி பண்ணினேன். ஒவ்வொரு முறையும் அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். யாரும் இல்லாத நேரத்தில்தான் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணி பகல் முழுக்க அங்கேதான் தைப்பார் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அன்றைக்கு விடாத மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. அண்ணன் கடைக்குப் போயிருந்தார். நான் கூரைக்குக் கீழே குழாயடியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் மணல் உதிரும் சத்தம் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு நிற்காமல். சுவர் வேலை செய்கிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். குழந்தை ஏதோ கேட்டாள், அண்ணி பதில் சொன்னார். கூப்பிட்டிருக்கலாம். நாலு எட்டில் போய் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கரணை ஈரமாக இருந்தது. ஈரத்தோடு வைத்தால் துருப் பிடித்துவிடும். துடைத்தேன். எண்ணெய் தடவினேன். அதற்குள் மிஷின் நின்றுவிட்டது.

அண்ணன் வந்து வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டினார். நகமெல்லாம் பெயர்ந்துவிட்டது. இருவரையும் வெளியே எடுத்தபோது ஊரே கூடியிருந்தது. "நான் கட்டின சுவர்டா, நான் கட்டினதுடா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறினார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். மழை இரைச்சலில் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

இடிபாட்டைப் பார்க்க நீங்கள் அனுப்பிய பொறியாளர் அந்தக் கம்பிவலையைக் கண்டெடுத்து, இதை அடித்தது யார் என்று அண்ணனைக் குடைகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அடித்தது நான். விழும் என்று தெரிந்தே மூடினேன். விழப்போகிறது என்று தெரிந்தே நின்றேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது, ஐயா. அண்ணன் வீட்டில் தனியாக இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுவதில்லை. என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?