பூட்டிய அறையின் அடுப்பு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு முன்சீட்டில் இருவர். வயதானவர் ஒரு படகில் சமையல்காரர். காய்கறிப் பையோடு படகுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இளையவர் மத்தியானம் அங்கே சரியாக எரியாத கேஸ் அடுப்பைப் பழுது பார்த்துவிட்டு வந்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

“இன்னொருத்தரும் அந்தப் போட்ல சமைக்கிறாங்கண்ணே.”

“நான் ஒருத்தன்தானப்பா சமைக்கிறேன். கேஸ் லீக்காகி தீ சுருங்குதா இருக்கும் லா.”

“இல்லண்ணே. சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன், ஒரு குமிழி வரல. உங்க குழாய்லேருந்து ஒண்ணு பிரிஞ்சு பின்னாடி ரூமுக்குப் போகுது. அங்க பழைய அடுப்பு இருக்கு. அது எரிஞ்சா உங்க தீ சுருங்கும்.”

“பழைய சமையல்காரர் செத்ததுலேருந்து அந்த ரூம் பூட்டியே கிடக்கு தம்பி.”

“தெரியும். பூட்டு துருப்பிடிச்சு, உடைச்சுத்தான் உள்ள போனேன். அடுப்பு மேல கை வச்சேன். சுட்டுச்சு.”

சமையல்காரர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“பேய்க்கு எதுக்குப்பா கேஸ்?” என்று சிரித்துப் பார்த்தார்.

இளையவர் சிரிக்கவில்லை. “அந்த வால்வ மூடிட்டேன். இனிமே உங்க அடுப்பு நல்லா எரியும்.”

“மூடிட்டியா? அப்ப அவரு டீ போட எங்க வருவாரு? என் அடுப்புக்குத்தானே வருவாரு! இன்னிக்கு போட்ல நான் தனியாத்தான் படுக்கணும்.”

இளையவர் இறங்கும் இடம் வந்தது. மணியை அழுத்தப் போனவர் கையை எடுத்துக்கொண்டார்.

“நானும் வர்றேண்ணே. அந்த வால்வத் திறந்து விட்டுட்டு வந்துடறேன்.”