நாற்பத்தோரு சதவீதத்தில் நின்ற குரல்

— தொட்டுப் பாருங்கக்கா. சும்மா தொடுங்க, கடிக்காது.

— ஐயோ, நூறு டிகிரின்னு நீதானேம்மா சொன்னே?

— திரையில நூறுதான் காட்டுது. ஆனா சூட்டை வாங்கி வெளிய தள்ள வேண்டிய இந்த அலுமினியப் பட்டை சில்லுன்னு இருக்கு பாருங்க. அடுப்பு தகதகன்னு எரியுது, மேல வச்ச பாத்திரத்துக்கு ஒரு சேதியும் போகல. எங்கேயோ இடிக்குதில்ல?

— சொல்லப்போனா, மருந்துக்கடையில பில் போடுறதைத் தவிர எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாதும்மா. இது ஓடும், நாப்பத்தோரு சதவீதம் வரும், பொட்டுன்னு அணையும். மறுபடி முதல்லேருந்து. ஒன்பது தடவை ஆச்சு.

— அது தன் உயிரைக் காப்பாத்திக்குதுக்கா. இல்லேன்னா மூளை கருகிடும். கரண்டை எடுத்துட்டேன். நாலே நாலு திருகாணி, கழட்டிப் பார்த்துடுவோம்... அடேங்கப்பா!

— என்ன, என்ன ஆச்சு?

— இதை மாட்டின புண்ணியவான் யாரு?

— என் தங்கச்சி வீட்டுக்காரர். கைராசிக்காரர்னு பேரு.

— கை ராசிதான், கண்ணுதான் கொஞ்சம் கம்மி. இந்த பிளாஸ்டிக் தாளைப் பாருங்க. 'மாட்டும் முன் உரிக்கவும்'னு அதுலயே போட்டிருக்கு. உரிக்காமலே மாட்டியிருக்கார். நம்ம ஆளு ரெயின்கோட் போட்டுக்கிட்டு வேர்வை ஆத்தியிருக்கு, பாவம்.

— ரெண்டு வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு?

— சின்னச் சின்ன வேலைக்கு ஒப்பேத்தியிருக்கும். இப்ப ஏதோ பெரிய சுமையைத் தலையில ஏத்தியிருக்கீங்க. இருங்க, தாளை உரிச்சாச்சு, துடைச்சாச்சு. பட்டாணி அளவு பேஸ்ட். ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல காத்துகூடப் போகக் கூடாது, அதுக்குத்தான் இது. மாட்டியாச்சு. அந்த வேலையையே மறுபடி ஓட விடுங்க.

— எழுபது... எண்பது... எண்பத்தெட்டு டிகிரியில நிக்குதும்மா.

— நிக்குது, ஆனா மூச்சு வாங்குது. ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. இது கம்ப்யூட்டர்கூடவே குடுத்த, சூட்டை ஆத்துற சின்ன கூலர், நாள் முழுக்க இந்த ஓட்டம் ஓட இதால முடியாது. நல்லதா ஒண்ணு போடணும். அப்படி என்னதான்க்கா ஓடுது இதுல?

— கேளு. இந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு நீயே கேளு.

— ...அக்கா.

— ம்.

— இது ஸ்டேஷன் குரல்! 'மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்'னு வருமே, அந்தக் குரல்! முதல் தடவை வேலைக்குக் கிளம்பினப்போ இந்தக் குரல் சொல்லித்தான் நான் ரயில் ஏறினேன். நான் பயத்துல டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், இவர் நிதானமா ஒவ்வொரு ஊரா சொல்றார். எல்லாம் சரியாப் போகும்னு எனக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு. இது எப்படி உங்ககிட்ட?

— பால்கனியில உக்காந்திருக்காரே என் வீட்டுக்காரர், அவர்தான்.

— அண்ணனா? நான் வந்தப்போ வெறும் தலையை மட்டும் ஆட்டினாரே!

— தொண்டையில ஆபரேஷன். பத்து மாசம் ஆச்சு. குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. எழுதிக் காட்டுறதுக்கு நோட்டு வாங்கி வச்சேன். ஒரு வரி எழுதல.

— கடவுளே. முப்பது வருஷம் இருக்குமா, ஊரையே வழியனுப்பின தொண்டை.

— முப்பத்தொண்ணு. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், ஸ்டேஷன்ல கிடந்த பழைய ரெக்கார்டிங்கை எல்லாம் திரட்டிக் குடுத்தார். எங்க அக்கா பொண்ணு ஒரு ப்ரோகிராம் போட்டு வச்சா. அது அந்தக் குரலைக் கத்துக்குமாம். கத்துக்கிட்டா, அவர் என்ன டைப் பண்ணினாலும் அவர் குரல்லயே பேசுமாம்.

— வீட்டுல பேசினது எதுவும் சேர்க்கலையா? கல்யாணம், பிறந்தநாள் வீடியோ?

— வீட்டுல பேசுறவர் இல்லம்மா. ஸ்டேஷன்ல பேசினதுதான். ஆயிரத்து நானூறு துண்டா வெட்டினேன். ஒவ்வொண்ணையும் கேட்டு, என்ன சொல்றார்னு எழுத்துல அடிச்சேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், வந்து ரெண்டு மணி நேரம். நாலு மாசம். சொல்லப்போனா அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.

— ஊர் பேரும் நேரமும் மட்டும் சொன்ன குரலு, வேற வார்த்தையும் பேசுமாக்கா?

— எழுத்து எழுத்தா பிரிச்சுப் படிக்குமாம். அவர் சொல்லாத வார்த்தையைக்கூட, சொல்லியிருந்தா எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படிச் சொல்லுமாம்.

— எனக்கு மேல் சிலிர்க்குது. பத்து வருஷமா பெட்டியைத் திறந்து தூசி தட்டுறேன், அதுக்குள்ள இப்படி ஒண்ணு நடக்கும்னு நினைச்சதில்ல. சரி, கூலர் விஷயத்துல இனி நான் விளையாட மாட்டேன்.

— தண்ணி ஓடுற மாதிரி ஒண்ணு இருக்காமே? கடையில ஒரு தம்பி சொன்னார்.

— இருக்கு, பார்க்க ஜோரா இருக்கும். ஆனா அதுல பம்ப் ஒண்ணு ஓடணும், நின்னுபோனா கதை கந்தல். உங்களுக்கு அது தேவையே இல்ல. என் வண்டியில ஒண்ணு இருக்கு, கோபுரம் மாதிரி நிக்கும். நாலு செப்புக் குழாய், பெரிய ஃபேன். பெரிய ஃபேன் மெதுவா சுத்தினாலே போதும், அதனால சத்தமும் கம்மி.

— சத்தம் இல்லாததா போடும்மா. இந்த வீட்டுல அது ஒண்ணுதான் சத்தம்.

— உள்ள இடம் இருக்கான்னு பார்த்துடுறேன். பதினாறரை சென்டிமீட்டர். கூலர் பதினஞ்சரை. கதவு மூடும். மெமரி குச்சியையும் இடிக்காது. வாங்கும்போது எல்லாரும் இதை அளக்காம விட்டுட்டு, அப்புறம் கதவைத் திறந்து போட்டு ஓட்டுவாங்க... ஆச்சு. இப்ப பாருங்க.

— அறுபத்திரண்டு. அறுபத்திமூணு. அதுக்கு மேல போகலையே!

— சத்தமும் இல்ல. இன்னொண்ணு பார்த்தீங்களா? நான் வந்தப்போ இன்னும் பதினெட்டு மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு, இப்ப ஏழு மணி நேரம்தான். சூட்டுக்குப் பயந்து இத்தனை நாளா மெதுவா ஓடியிருக்கு. சாயங்காலம் முடிஞ்சிடும். வேலை எல்லாம் முடிச்சுட்டு நானே வரேன், கூப்பிடவே வேணாம்.

— வா வா, சாயங்காலம் வரேன்னு சொன்ன மாதிரியே வந்துட்டே. நூறு சதவீதம் காட்டிடுச்சும்மா! ஒரு மணி நேரமா அப்படியே இருக்கு. நான் எதையும் தொடல.

— ஏன்க்கா?

— கை வரல. நீயே அவரைக் கூப்பிடும்மா.

— நீங்க கூப்பிடலாமே?

— நீ கூப்பிட்டா வருவார்.

— அண்ணே! கொஞ்சம் உள்ள வாங்கண்ணே. அக்கா உங்களுக்காக ஒண்ணு செஞ்சிருக்காங்க. இப்படி உக்காருங்க. முதல்ல நான் ஒரு வரி அடிச்சுக் காட்டுறேன், கம்ப்யூட்டர் பேசும், பயந்துடாதீங்க.

— இன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்கு.

— அம்மாடி! அவரேதான்! அப்படியே அவரேதான்க்கா! அண்ணே, இந்த வரியை நீங்க மைக்ல சொன்னதே கிடையாதில்ல?

— இல்லேன்னு தலையாட்டுறார். தண்ணி குடிக்கிறீங்களான்னு கேளும்மா, முகமெல்லாம் வேர்க்குது.

— இருங்கக்கா, கீபோர்டை இழுத்துக்கிட்டார். ஒரு விரல்லதான் அடிக்கிறார். அவசரமே இல்லண்ணே, நிதானமா அடிங்க. நான் எட்டிப் பார்க்கல.

— என்ன அடிக்கிறார்? அழிக்கிறாரா?

— அழிச்சு அழிச்சு எழுதுறார். ம், நிறுத்திட்டார். உங்களைப் பார்க்கிறார்க்கா. பட்டனை அழுத்திட்டார், இதோ வருது.

— ஆபரேஷன் ஆகிப் பத்து மாசம்தான் ஆச்சு. நான் உன்கூடப் பேசுறதை நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு. எனக்காக இவ்வளவையும் செய்ய உனக்கு எப்படி மனசு வந்துச்சு?